இடது வளைவு

...திரும்பவும் அழுத்துகிறது இந்தக் கால். இங்கே பிரேக் இல்லையடா, வெறும் ரப்பர் விரிப்புதான் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது. பதினாறு வருஷம் பந்தயப் பாதையில் வளைவுக்கு முன்னால் நிற்கும் நூறு மீட்டர் பலகையைக் கண்டதும் மிதித்துப் பழகிய வலது கால், இன்றைக்கு மனைவி ஓட்டும் சின்னக் காரில் பக்கத்து இருக்கையில் கிடந்துகொண்டு, முன்னால் போகும் செம்பனைக் குலை லாரியின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் காலை இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்தான். கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் வேகம் இன்னும் குறையவில்லை, கருப்புக் கண்ணாடி போட்டும் பதினொரு மணி வெயில் உள்ளே வந்து குத்தியது, பத்து பெரண்டாம் பேட்டையின் தொழிற்சாலைக் கூரைகள் எல்லாம் ஒரே வெள்ளைத் தகடாக எரிந்தன. மடியில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் இரண்டு தாள். அதன் மேல் கையை வைத்து அழுத்தியிருந்தான், காற்றில் பறந்துவிடுமா என்ன, ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. பமேலா லாரியை முந்தவே இல்லை. முந்த இடம் இருந்தது, மூன்று தடவை இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு யாரையும் முந்தச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது...

டாக்டர் என்ன சொன்னாங்க என்று கிளினிக் வாசலிலேயே கேட்டாள். பவர் கொஞ்சம் மாறியிருக்காம், இன்னொரு தடவை வரச் சொன்னாங்க என்றான். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், துப்பினால் எச்சில் வருவதுபோல. உள்ளே நடந்தது வேறு. அவனை அடுத்து எடுக்கப்போகிற புதிய பந்தயக் குழுவின் காப்புறுதிக்காரர்கள் கேட்ட சோதனை அது, எழுத்துப் பலகை படித்தால் மட்டும் போதாதாம், பக்கப் பார்வையும் பார்க்க வேண்டுமாம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை விட்டு நடுவில் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவன் வெளிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, அது விழுகிற தாளத்தைப் பிடித்து, தாளத்துக்கு அழுத்தினான். பந்தயக்காரனின் காது, ஏமாற்றுவதற்கும் உதவும். ஆனால் அந்த இயந்திரம் அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. டாக்டர் ஜானகி, முப்பது வயதுகூட இருக்காது, தாளைப் பார்த்துவிட்டு, "சார், லைட் வராதப்பவும் அழுத்துறீங்க. இன்னொரு தடவை செய்வோமா?" என்றாள். கோபமில்லாமல், ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோல. இரண்டாவது தடவை அவன் ஏமாற்றவில்லை. ஏன் ஏமாற்றவில்லை? களைத்துப்போய்விட்டானா, இல்லை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடட்டும் என்று... தாள் வெளியே வந்தபோது இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம், இரண்டு வட்டத்திலும் இடது ஓரம் கறுப்பு, மேலே குறுகலாக, கீழே வர வர அகலமாக. "இது கண்ணுல இல்ல சார். மண்டையில எப்பவாவது பலமா அடிபட்டுச்சா? ஸ்கேன் எடுத்தா உறுதியாத் தெரியும். ஆனா இது இப்ப வந்த மாதிரி இல்ல, பழசு மாதிரிதான் இருக்கு. கார் ஓட்டாதீங்க. ரேஸ் மட்டும் இல்ல, எந்தக் காரும்." எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். இப்பதான் என்று சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.

தாளில்தான் அது கறுப்பு. பார்க்கும்போது கறுப்பெல்லாம் இல்லை, அதுதான் கொடுமை. இருட்டாக இருந்தால் இங்கே ஒன்று இல்லை என்று மனுஷனுக்கு உறைக்கும். இது அப்படியில்லை, தலைக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லையே என்று யாராவது கவலைப்படுகிறார்களா, அந்த மாதிரி. உலகம் அந்த இடத்தில் முடிந்துபோகிறது, முடிந்தது தெரியாமல் முடிகிறது. மேசையில் இடது பக்கம் வைத்த கோப்பிக் கிளாஸ் கை பட்டு விழும். கதவு நிலையில் தோள் மோதும். பாசாரில் யாரோ ஒரு கிழவி திடீரென்று மார்புக்கு நேரே முளைத்து, "மாத்தா எங்க வெச்சிருக்கே?" என்று கேட்பாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய். நல்ல கேள்விதான்.

எப்போதிலிருந்து... மூன்று வருஷம். டிசம்பர் கடைசி, வண்டியைச் சோதித்துப் பார்க்கும் நாள், பந்தயம்கூட இல்லை. பின் சக்கரத்தில் ஏதோ உடைந்து, வண்டி சுவரில் பக்கவாட்டாகப் போய் அடித்தது. ஹெல்மெட்டோடு தலை வண்டிக்குள் கட்டியிருந்த இரும்புக் கம்பியில் மோதியது. இறங்கி நடந்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். தவுக்கே, அதுதான் குழுவின் சீன முதலாளி, ஆஸ்பத்திரிக்குப் போறியா என்று கேட்டபோது, சும்மா லா, ஒன்றும் இல்லை என்று சிரித்தான். போகாததற்குக் காரணம் இருந்தது, டிசம்பர் என்பதே காரணம். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் டிசம்பரில்தான் நெஞ்சு அடைக்கும். வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம், அடுத்த வருஷம் உனக்கு வண்டி உண்டா இல்லையா என்று போன் வரும்வரை தூக்கம் கிடையாது. அந்த நேரத்தில் தலையில் அடி, ஸ்கேன், ஓய்வு என்று காற்றில் ஒரு பேச்சு போனால் போதும், இருபது வயதில் எவனாவது அப்பன் பணத்தோடு வந்து இருக்கையில் உட்கார்ந்துவிடுவான். இரண்டு மாதம் கழித்து ஒரு ஹோட்டல் அறையில் சவரம் செய்யும்போதுதான் பார்த்தான். கண்ணாடியில் மூக்கைப் பார்த்தால் இடது தோள் இல்லை. ஒரு கண்ணை மூடினான், இல்லை. மற்றக் கண்ணை மூடினான், இல்லை. சோப்பு நுரை காய்ந்து இழுக்கும்வரை அப்படியே நின்றான். பிறகு மீதியைச் சவரம் செய்துவிட்டுக் கீழே போய்ப் பந்தயம் ஓட்டினான். மூன்றாவதாக வந்தான். கோப்பை கொடுத்தார்கள்.

தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் போதும் என்று அவனாகக் கற்றுக்கொண்டான். இடது வளைவு வந்தால், திரும்புவதற்கு முன்னால் ஹெல்மெட்டை முழுசாக இடது பக்கம் ஒடித்து ஒரு பார்வை. கால் செகண்ட்தான். இன்ஜினியர்கள் அதை அவனுடைய ஸ்டைல் என்று சொன்னார்கள். ஒரு பத்திரிகைக்காரர்கூட எழுதினார், வளைவுக்குள் தலையை முதலில் அனுப்புகிறவன் என்று. அதை பமேலா வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். ஜாசினுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டிய சாமுவேலின் மகன், ஐந்தாம் பாரத்தோடு படிப்பை விட்டு இதே பத்து பெரண்டாமில் ஒரு வொர்க்‌ஷாப்பில் எண்ணெயில் ஊறினவன், முதலாளி வாங்கிப் போட்ட பழைய வண்டியைத் தானே கழற்றி மாட்டிப் பந்தயத்துக்குக் கொண்டுபோனவன்... செப்பாங் பந்தயப் பாதையில் முதல்முறை ஜெயித்த நாளில் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு, சர்ச் பாதர்கூட வந்தார். பாதி சனத்துக்கு எது அவன் வண்டி என்றே தெரியவில்லை, பச்சையாகப் போன எல்லா வண்டிக்கும் கை தட்டினார்கள். தாய்லாந்து, மக்காவ், சீனா என்று ஊர் ஊராகப் போனான். வீட்டில் பார்க்கிற சாதாரணக் கார்கள்தான், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப்போட்டுவிட்டு இரும்புக் கம்பி வைத்துக் கட்டியவை, அறுபது டிகிரி சூட்டில் கதவோடு கதவு உரசி ஓட்ட வேண்டும். வேறு ஒரு வேலையும் அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, வேறு எதிலும் அவன் யாருமே இல்லை.

செங் ஊர்ச் சிக்னலில் பமேலா நிறுத்தினாள். பின் இருக்கையில் இருந்த கேக் பெட்டி சரிந்தது, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். கடற்கரைப் பக்கம் தங்கா பத்து என்ற ஊருக்குப் போக வேண்டும் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். பிரஷாந்த் வீட்டுக்கு நாம கடைசியாப் போனது நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி, எவ்ளோ மாசமாச்சு பாருங்க, அவன் அப்பா, அங்கிளே போன் பண்ணிக் கூப்பிட்டிருக்காரு, டவுனுக்கு வர்றோம்தானே, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம் லா. அவன் சரி என்றான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித் தேடி, கிடைக்காமல் சரி என்றான். பச்சை விழுந்தது. இடது ஓரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று முன்னால் வந்தது, அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க?" ஒன்றும் இல்லை. பமேலா அதை எப்போதோ பார்த்துவிட்டிருந்தாள், பிரேக்கில் கால் வைத்தே இருந்தாள்.

பிரஷாந்த் என்றால் யார்... இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவுக்கே இரண்டாவது வண்டிக்குக் கொண்டுவந்த பையன், இருபத்தைந்து வயது, யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பிள்ளை, அம்மா இல்லை, அப்பா விஜயரட்ணம் நில அளவை இலாகாவில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கார் ஓட்டப் போகிறேன் என்றபோது ஆறு மாதம் அவனோடு பேசவில்லையாம். பிரஷாந்த் பணம் கொண்டுவரவில்லை. அதைவிட மோசமான ஒன்றைக் கொண்டுவந்தான், ஒரு சுற்றுக்கு பத்தில் இரண்டு பங்கு செகண்ட். அவ்வளவு வேகம் கூடுதல். அண்ணே, நீங்க அந்த கார்னர்ல எப்படி எடுக்கிறீங்க என்று வந்து கேட்பான், கேட்டுவிட்டுப் போய் டெஸ்மண்டைவிட நன்றாக எடுப்பான். அதில் கள்ளமும் கிடையாது, பெருமையும் கிடையாது. வெறுக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீசன் முடிய இரண்டு பந்தயம் இருக்கும்போது தவுக்கே இருவரையும் உட்காரவைத்து, அடுத்த வருஷம் ஒரு வண்டிதான், யாருக்கு என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார். வெளியே வந்ததும் பிரஷாந்த், "அண்ணே, உங்களுக்குத்தான் குடுப்பாங்க. நீங்க கவலப்படாதீங்க," என்றான். அவன் போய் இவனுக்கு ஆறுதல் சொன்னான்.

அப்புறம் தாய்லாந்து. முப்பத்திரண்டாவது சுற்று, ஒன்பதாம் வளைவு, இடது வளைவு. ஹெல்மெட்டுக்குள் வரும் குடிதண்ணீர்க் குழாய் வறண்டு பத்து சுற்று ஆகியிருந்தது, கையுறைக்குள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. வளைந்தான். இடது பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் பாதை, வளைந்தான், அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு இடி. கதவு நசுங்கும் சத்தம். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பிரஷாந்தின் வண்டி முளைத்து, வளைவின் உள்பக்க விளிம்புத் திட்டில் ஏறி, சுழன்று, பாதையின் குறுக்கே போய் நின்றது. பின்னால் வந்தவன் நேராக அதன் கதவில்... டெஸ்மண்ட் அதைக் கண்ணாடியில் பார்த்தான். வலது பக்கக் கண்ணாடியில். அந்தப் பக்கம் அவனுக்கு எல்லாம் தெரியும்.

முதுகெலும்பு. பிரஷாந்துக்கு இடுப்புக்குக் கீழே இனி அசைவு இல்லை. விசாரணை அன்று சாயங்காலமே நடந்தது, குளிரூட்டிய அறை, மூன்று பேர், ஒரு தண்ணீர்ப் போத்தல். நீங்கள் அவரைப் பார்த்தீர்களா? கண்ணாடியில் பார்த்தேன், பின்னால்தான் இருந்தான், அந்த வளைவில் முந்த இடமே கிடையாது, யாரும் அங்கே வரமாட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன் என்று சொன்னான். நாக்கு புரளவில்லை. முந்தக்கூடாத இடத்தில் முந்த முயன்றது இளம் ஓட்டுநரின் தவறு என்று அறிக்கை வந்தது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில், தொண்டையில் ஓட்டை போட்ட இடத்தில் பிளாஸ்திரியோடு, பிரஷாந்த் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி அண்ணே. என் அவசரம். உங்க ரேசும் போச்சு," என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை. பரவாயில்ல லா, அதெல்லாம் நினைக்காதே என்றான். மன்னித்தான். அவனைப் போய் இவன் மன்னித்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற விஜயரட்ணம், நன்றி தம்பி, பெரிய மனசு உங்களுக்கு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷத்து வண்டி அவனுக்குத்தான் கிடைத்தது. ஓட்டினான். அதையும் ஓட்டினான்.

"ஜெசிந்தா ஒண்ணு சொன்னா," என்றாள் பமேலா. கடல் காற்று வரத் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு சந்தின் முடிவிலும் வெள்ளையாக ஏதோ பளபளத்தது. ஜெசிந்தா அவர்கள் மகள், எட்டு வயது. "போன மாசம், ஸ்கூலுக்குப் போறப்ப. ஜாசின் பாசார் முன்னாடி. சைக்கிள்ல வந்த தாத்தாவ இடிக்கப் போயிட்டீங்களாமே. அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னீங்களாமே." அவன் மடியிலிருந்த உறையின் முனையை மடக்கினான். "போன் பாத்துட்டு ஓட்டினீங்களா?" ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆமாம் என்பது எவ்வளவு நல்ல பொய், அதில் வெறும் கெட்ட பழக்கம்தான் இருக்கிறது, திட்டிவிட்டு விட்டுவிடுவாள். அந்தக் கிழவர் கீழே விழவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார், பிள்ளை பின் இருக்கையிலிருந்து அப்பா என்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தான், கண்ணால் பார்த்து இல்லை. பிள்ளைதான் அவனுக்கு இடது கண்ணாக இருந்தாள், தெரியாமலே. "சொல்லுங்க." சந்து திரும்பியது. வீடு வந்துவிட்டது.

விஜயரட்ணம் வாசலிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, பேண்ட், வீட்டிலும் பெல்ட் போடுகிறவர். படியை இடித்துச் சிமெண்டில் சரிவு போட்டிருந்தார், சரிவின் ஏற்றம் சரியாகப் பன்னிரண்டில் ஒன்று, நானே அளந்தேன் தம்பி என்று காட்டினார். கூடத்தில் நடுவே சக்கர நாற்காலியில் பிரஷாந்த், தோள் மட்டும் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது, கால்கள் வேறு யாருடையவோ போல ஒட்டிக்கொண்டிருந்தன. கேக்கை வெட்டினார்கள். பமேலா தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். சுவரில், குடும்பப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போடாமல் நான்கு முனையிலும் ஆணியடித்து, போன தடவை வந்தபோது இல்லாத ஒரு கிராப் தாள். டெஸ்மண்ட் தலையைத் திருப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒன்பதாம் வளைவு. மெல்லிய பென்சில் கோடு, இரண்டு செவ்வகங்கள், அம்புக்குறி, அளவுகள். "நான்தான் போட்டேன்," என்றார் விஜயரட்ணம். "வீடியோவ நிறுத்தி நிறுத்தி, திட்டோட அகலத்த வெச்சு மத்ததெல்லாம் கணக்குப் பண்ணி. எப்படிப் பாத்தாலும் இவன் மேலதான் தப்பு வருது தம்பி. இடம் இல்லாத இடத்துல போயிருக்கான். தினமும் இவன் பாக்கட்டும்னுதான் மாட்டி வெச்சேன்." பிரஷாந்த் கேக்கைத் தின்றுகொண்டிருந்தான். இதைப் பல தடவை கேட்ட முகம். இத்தனை மாதமாக இந்தச் சுவருக்கு எதிரே...

அண்ணே, ஒண்ணு கேக்கவா என்றான் பிரஷாந்த், தட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. எனக்கு வேற வேல என்ன, நானும் வீடியோதான் பாக்கறேன், அப்பா பாக்கற வெளி கேமரா இல்ல, உங்க வண்டிக்குள்ள இருந்தது. பழைய ரேஸ் எல்லாம் இருக்கு என்கிட்ட. நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க லெஃப்ட் கார்னர்ல தலையத் திருப்பல. அப்புறம் திடீர்னு திருப்புறீங்க, ரொம்ப. எல்லாரும் ஸ்டைல்ங்கிறாங்க. ரைட் கார்னர்ல அந்த ஸ்டைல் இல்லையே அண்ணே? கழுத்து வலியா?

 டெஸ்மண்ட் எழுந்து வெளியே போனான். பூட்டாத காரைத் திறந்தான், இருக்கையில் கிடந்த பழுப்பு உறையை எடுத்தான், இப்படியே சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று ஒரு கணம், எங்கே போவாய், எதை ஓட்டிக்கொண்டு போவாய். திரும்பி வந்து இரண்டு தாளையும் உருவி பிரஷாந்தின் கையில் கொடுத்தான். சொன்னான். நின்றுகொண்டே சொன்னான், டிசம்பர், சுவர், ஹோட்டல் கண்ணாடி, கண்ணாடியில் பார்த்தேன் என்று விசாரணையில் சொன்ன பொய், எல்லாவற்றையும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் தூக்கிச் சுமந்தது ஐந்து நிமிஷம்தான் இருந்தது. முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி, மூச்சு அடிவரை போனது, வெட்கமாகக்கூட இருந்தது, இவர்கள் முன்னால் நின்றுகொண்டு இவ்வளவு லேசாக உணர்வதற்கு.

முதலில் பேசியது பமேலாதான். "அந்தக் கண்ண வெச்சிக்கிட்டா பிள்ளைய ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனீங்க?" அவ்வளவுதான், குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த கேக் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, அவனிடமிருந்து இரண்டு அடி தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றாள். விஜயரட்ணம் மகன் கையிலிருந்து தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார். படம் பார்த்துப் பழகிய கண், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு நிமிர்ந்து டெஸ்மண்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "இவனத் திட்டிட்டேதான் தினமும் குளிப்பாட்டினேன்," என்றார். "பதினாலு மாசம். உன் அவசரம், உன் திமிருன்னு... சோப்பு போடறப்பகூட." பிரஷாந்த், "விடுங்கப்பா," என்றான். அவர் விடவில்லை, போய் அந்தக் கிராப் தாளைப் பிடித்து இழுத்தார், மூன்று முனை கிழிந்து வந்தது, நான்காவது ஆணியில் தொங்கியது. அதற்குமேல் கை ஓடாமல் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெஸ்மண்ட், அங்கிள், நான் எழுதிக் குடுக்கறேன், போய்ச் சொல்றேன், அறிக்கைய மாத்தச் சொல்றேன் என்றான். செய்வான். அதில் இனிச் சந்தேகம் இல்லை. போட்டி நடத்துகிறவர்களிடம், தவுக்கேயிடம், பத்திரிகையில், எங்கே வேண்டுமானாலும். இனி இழக்க வண்டியும் இல்லை.

பிரஷாந்த் கோபப்படவில்லை. அவன் கோபப்படுவான் என்று டெஸ்மண்ட் எதிர்பார்த்தான், தட்டை எறிவான், போ வெளியே என்று கத்துவான், அதற்கு உடம்பைத் தயாராக வைத்திருந்தான். பிரஷாந்த் யோசித்துக்கொண்டிருந்தான், முன்பு பந்தயம் முடிந்து கணினித் திரையில் கோடுகளைப் பார்த்து யோசிப்பானே, அதே முகம், புருவத்துக்கு நடுவில் ஒரு சின்ன மடிப்பு. சரிண்ணே, இப்ப புரியுது ஏன் திருப்புனீங்கன்னு என்றான். பிறகு மெதுவாக, "ஆனா ஒண்ணு புரியல. முப்பத்தியொரு லேப்பும் ஒன்பதாம் கார்னர்ல திருப்பியிருக்கீங்க. நான் எண்ணினேன். முதல் லேப்லேர்ந்து, ஒண்ணுவிடாம. அந்த முப்பத்திரெண்டாவது லேப்ல மட்டும் திருப்பல. நான் பின்னாடி ஒட்டி வர்றேன்னு ரேடியோவுலகூட சொன்னாங்க உங்களுக்கு, அந்தக் குரலும் வீடியோவுல இருக்கு. ஏண்ணே அப்பத் திருப்பல?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பதில் தெரியாத ஒருவன் பதில் தெரிந்த ஒருவனிடம் கேட்பது. டெஸ்மண்ட் வாயைத் திறந்தான். தாகம், தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, சூடு, முப்பது சுற்றுக் களைப்பு, எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன, எல்லாம் உண்மைதான். ரேடியோ சொன்னது. ஆமாம், சொன்னது, பிரஷாந்த் பின்னால் ஒட்டி வருகிறான், இடது பக்கம் பார் என்று, அந்த வார்த்தை காதில் விழுந்ததுகூட இப்போது ஞாபகம் வருகிறது, இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது...

"தெரியல," என்றான்.

விஜயரட்ணம் தாளை விட்டுவிட்டு, அதற்குத் தலையாட்டினார், பாவம், அதான் கண்ணு தெரியலையே, தெரிஞ்சிருந்தா செய்வாரா என்று மகனைப் பார்த்துச் சொன்னார். பமேலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரஷாந்த் மட்டும் தலையாட்டவில்லை, அதே மடிப்போடு பார்த்துக்கொண்டே இருந்தான், இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பவன்போல. டெஸ்மண்டும் காத்திருந்தான். சொன்ன வார்த்தை அவன் காதிலேயே கிடந்தது, எந்தத் தெரியலையைச் சொன்னேன், கண்ணுக்குத் தெரியவில்லை என்றா, காரணம் தெரியவில்லை என்றா. இரண்டும்தான் உண்மை, இரண்டும் உண்மை என்றால் இடுப்புக்குள் ஏன் இப்படிக் குளிர்கிறது. பார்த்திருந்தால் இடம் விட்டிருக்க வேண்டும். இடம் விட்டிருந்தால் அந்த வண்டி, அடுத்த வருஷம், எல்லாம் பிரஷாந்துக்கு. தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும், அப்படியென்றால், திருப்பினால் அவன் இருப்பது தெரிந்துவிடும் என்றுதான் அன்றைக்குத் திருப்பாமல் இருந்தேனோ...